கூன் நிமிர எப்படி நடப்பது: கட்டளையா, கருவியா, பழக்கமா?

நான் நடப்பதை என் மகள் பக்கவாட்டில் இருந்து பதினைந்து விநாடி வீடியோ எடுத்துக் காட்டினாள். நிமிர்ந்துதான் நடக்கிறேன் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். வீடியோவில் என் தலை நெஞ்சுக்கு நாலு விரற்கடை முன்னால் போய்க்கொண்டிருந்தது. பார்வை, அடுத்த மூன்றாவது அடி விழப்போகும் தரையில் ஒட்டிக்கிடந்தது. வலது தோளில் பை. அதன் வாரைப் பிடித்திருந்த வலது கை அசையவே இல்லை. இடது கை மட்டும் பாதி வீச்சில் ஆடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் கிடைத்த வழிகளை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். கூன் நிமிர நடையைத் திருத்த வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நெஞ்சை நிமிர்த்து என்பார் ஒருவர். டிரெட்மில் வாங்கு என்பார் இன்னொருவர். பெல்ட் போடு, ஷூவை மாற்று, செருப்பே இல்லாமல் நட, கோல் ஊன்றி நட, பிசியோதெரபிஸ்டைப் பார் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால் எதுவும் நிற்காது. எதை முதலில் எடுப்பது, எதை விட்டுவிடலாம் என்று நான் கண்டதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நடையால் நிமிராத கூனும் உண்டு. தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்துப் பாருங்கள். தலை சுகமாகத் தரையில் பதிந்தால் உங்கள் கூன் பெரும்பாலும் பழக்கத்தால் வந்தது. மாற்ற வழி இருக்கிறது. படுத்தாலும் தலை பதியாமல் அந்தரத்தில் நின்றால், அல்லது தாடையை மேலே தூக்கினால்தான் பதிகிறது என்றால், மருத்துவரிடம் காட்டுவது நல்லது. வயதானவர்களுக்கு எலும்பு பலவீனமாகி முள்ளெலும்பு அமுங்கியிருக்கலாம். வளரும் பிள்ளைகளுக்கு முள்ளெலும்புகள் முன்பக்கம் ஒடுங்கி, ஆப்பு போல வளர்ந்திருக்கலாம். கை கால் மரத்துப்போவது, படுத்தாலும் விடாத வலி, உயரம் குறைந்துகொண்டே வருவது இவையெல்லாம் நடைப்பயிற்சிக்கு முன்னால் பார்க்க வேண்டியவை.

கூன் இருந்தால் வலி வரும், நிமிர்ந்தால் வலி போகும் என்ற கணக்கும் அவ்வளவு நேரானது இல்லை. கூனி உட்காரும் பலருக்கு வலியே கிடையாது. விறைப்பாக இருப்பவர்கள் பலர் முதுகைப் பிடித்துக்கொண்டு திரிகிறார்கள். ஒரே நிலையில் நெடுநேரம் கிடப்பதுதான் உடம்புக்கு ஆகாதது. அதனால் எந்த வழியை எடுத்தாலும் நடப்பது வீண் போகாது. 2024இல் லான்செட் மருத்துவ இதழில் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று வந்தது. கீழ்முதுகு வலி வந்து குணமான 701 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலோடு, சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போகும் நடைப்பயிற்சி. மறுபாதிக்கு ஒன்றும் இல்லை. நடந்தவர்களில் பாதிப் பேருக்கு மறுபடி வலி வர 208 நாள் ஆனது; மற்றவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது. அந்த ஆய்வு பார்த்தது வலியைத்தான், கூனை இல்லை. ஆனாலும் நடக்கத் தொடங்க அதுவே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது.

நெஞ்சை நிமிர்த்து என்ற கட்டளை

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். செலவில்லை, இந்த நிமிடமே தொடங்கலாம். நானும் தோள்களைப் பின்னுக்கு இழுத்து, நெஞ்சைத் தள்ளி, வயிற்றை எக்கிக்கொண்டு நடந்தேன். நாலாம் நாள் கீழ்முதுகு இறுகிப்போனது.

ஏன் என்று அப்புறம்தான் புரிந்தது. நெஞ்சைத் தள்ளும்போது மேல்முதுகு நிமிர்வதில்லை. விலா எலும்புகளின் கீழ்விளிம்பு முன்னால் தூக்கிக்கொள்கிறது. அதற்கு ஈடாக இடுப்புக்கு மேலே முதுகு உள்வாங்கி வளைகிறது. மேலே இருந்த வளைவு கீழே குடிபெயர்ந்ததுதான் மிச்சம். மூச்சும் ஆழமாகப் போகாது. இழுத்துப் பிடித்த தோளில் கை வீச்சு நின்றுவிடும். கை வீசுவதை ஏதோ அழகுக்கு என்று நினைத்துவிடக் கூடாது. கால் முன்னே போகும்போது உடம்பு ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். எதிர்ப்பக்கத்துக் கை வீசித்தான் அதைச் சமன் செய்கிறது. கையை அசைக்காமல் நடப்பவர்களுக்கு 12 சதவீதம் கூடுதல் ஆற்றல் செலவாவதை 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து காட்டியது.

அன்ன நடை நடக்கப் போய்த் தன் நடையும் கெட்டதாம் என்பார்களே, அந்தக் கதைதான் என் கதையும். தவிர, கட்டளைக்கு ஆயுள் குறைவு. ஒரு போன் வந்தால் போதும், அடுத்த திருப்பத்தில் பழைய கூன் திரும்பி வந்திருக்கும்.

இந்த வழியில் ஒன்றே ஒன்றை மட்டும் நான் விடவில்லை. நெஞ்சு, தோள், வயிறு எல்லாவற்றையும் மறந்துவிட்டு, ‘பின்கழுத்து நீளட்டும்’ என்று மட்டும் நினைத்துக்கொள்வேன். தாடை தானாகக் கொஞ்சம் உள்ளே வரும், தோளில் இறுக்கம் இருக்காது. கதவைத் தாண்டும்போதெல்லாம் ஒரு தடவை இப்படி நினைத்தால் போதும். நாள் முழுக்க உடம்பைக் காவல் காக்க வேண்டியதில்லை.

பார்வை, பின்னங்கால், கை

நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் சொல்வது இந்த வழியைத்தான். உடம்பை நிமிர்த்தப் பார்க்காமல், உடம்பைக் கூனவைக்கும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது.

பார்வையில் இருந்து தொடங்கலாம். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது தோளுக்கு நேர் மேலே இருக்கும்வரை கழுத்துக்குச் சுமை தெரியாது. முன்னால் சாயச் சாய நிலைமை மாறும். 2014இல் ஒரு முதுகுத்தண்டு அறுவை மருத்துவர் கணினி மாதிரியில் போட்ட கணக்குப்படி, தலை 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்பின் மேல் ஏறும் பாரம் சுமார் 27 கிலோ. ஆட்களிடம் அளந்ததில்லை, கணக்குப் போட்டது. எண்ணை விட்டுவிட்டாலும் திசை சரி. போனைப் பார்த்துக்கொண்டே நடப்பவரின் நடை முழுக்கவே மாறுவதை அதே ஆண்டில் வந்த இன்னொரு ஆய்வு பதிவு செய்தது. வேகம் குறைகிறது, நேர்கோட்டில் போக முடிவதில்லை, தலையும் உடம்பும் ஒரே கட்டையாக இறுகிவிடுகின்றன.

தரையைப் பார்க்காமல் நடந்தால் தடுக்கி விழமாட்டோமா என்று கேட்பார்கள். நியாயமான பயம். பார்வையைப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி வையுங்கள். வரப்போகும் மேடும் பள்ளமும் அங்கேயே கண்ணில் பட்டுவிடும். காலடியைப் பார்த்தே ஆக வேண்டிய இடத்தில் கண்ணை மட்டும் தாழ்த்துங்கள், கழுத்தை மடக்க வேண்டாம். கரடுமுரடான பாதையில் இதெல்லாம் பார்க்க முடியாது. அங்கே குனிந்து பார்த்துத்தான் நடக்க வேண்டும். அதனாலேயே நடையைத் திருத்தப் பழகும் நாட்களில் சமதளமான பாதையைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது அடி. கம்பீரமாக நடக்க வேண்டும் என்றால் காலை எட்டிப் போட வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு. குதிகால் உடம்பை விட்டு ரொம்பத் தள்ளி முன்னால் ஊன்றினால் ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக். கால் முன்னே நிற்கும், உடம்பு பின்தங்கும், அதை எட்டிப் பிடிக்க இடுப்பில் இருந்து முன்னால் சாய்வோம். அடியைச் சற்றுக் குறுக்கி, எண்ணிக்கையைக் கூட்டினால் பாதம் உடம்புக்கு அடியிலேயே விழும். நிமிடத்துக்கு 100 அடி என்பது பெரியவர்களுக்கு மிதமான வேகம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். பதினைந்து விநாடிக்கு 25 அடி எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லோரும் கவனிக்காமல் விடுவது பின்னங்காலைத்தான். ஓர் அடியை மெதுவாக எடுத்துப் பாருங்கள். வலது பாதம் ஊன்றுகிறது, உடம்பு அதன் மேல் ஏறிக் கடக்கிறது, இடது கால் முன்னே போகிறது. இப்போது வலது கால் உடம்புக்குப் பின்னால் இருக்கிறது. குதிகால் மெல்ல எழும்புகிறது, கெண்டைக்கால் இறுகுகிறது, கடைசியாகப் பெருவிரல் தரையை அழுத்தித் தள்ளுகிறது. அந்தக் கணத்தில் தொடையின் முன்பக்கம், இடுப்பு மடிப்புக்குக் கீழே, ஓர் இழுவை தெரிய வேண்டும். எனக்கு அது தெரியவே இல்லை. என் கால் பின்னால் போவதே இல்லை. உடம்பைக் கடந்தவுடன் தூக்கி முன்னால் வைத்துவிடுவேன்.

நாள் முழுக்க நாற்காலியில் உட்காருகிறவர்களுக்கு இடுப்பின் முன்பக்கத் தசைகள் சுருங்கிய நிலையிலேயே கிடந்து பழகிவிடுகின்றன. எழுந்து நடக்கும்போதும் அவை காலைப் பின்னால் போக விடாது. பின்னால் போக முடியாத கால் இரண்டில் ஒன்றைச் செய்ய வைக்கும்: ஒன்று உடம்பு முன்னால் சாயும், இல்லாவிட்டால் கீழ்முதுகு வளைந்து இடம் கொடுக்கும். தோளில் தெரியும் கூனுக்குப் பாதி வேர் இடுப்பில் இருக்கிறது என்று எனக்குப் புரிந்தது இங்கேதான். ‘பெருவிரலால் தரையைப் பின்னால் தள்ளு’ என்று நினைத்து நடக்கத் தொடங்கிய இரண்டாவது வாரத்தில், தோளை நான் தொடாமலே அது கொஞ்சம் இறங்கி நின்றது. இத்தனை நாள் தோளோடு மல்லுக்கட்டியது நினைவுக்கு வந்து உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

கைக்கு ஒரே விதி, அது காலியாக இருக்க வேண்டும். போனைக் கையில் பிடித்திருந்தாலே அந்தப் பக்கத்துத் தோள் ஆடாது. முன்னால் வீசுவதை விடப் பின்னால் வீசுவதைக் கவனியுங்கள். முழங்கை இடுப்பைத் தாண்டிப் பின்னால் போனால் நெஞ்சு தானே திறக்கும்.

மூன்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒன்று. முதல் வாரம் பார்வை.

ஒரே மூச்சில் ஒரு மணி நேரமா, மூன்று தடவையா?

எடையும் இரத்த அழுத்தமும் குறைய நடப்பவருக்கு இதில் பெரிய வித்தியாசம் இல்லை. வாரத்துக்கு 150 நிமிடம் முதல் 300 நிமிடம்வரை மிதமான உழைப்பு சேர்ந்தால் சரி. முன்பெல்லாம் ஒரு தடவைக்குக் குறைந்தது 10 நிமிடமாவது நடக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் அதையும் எடுத்துவிட்டது.

ஆனால் நிமிர்வுக்கு என்றால் நான் பிரித்து நடப்பதன் பக்கம்தான். காலையில் ஒரு மணி நேரம் அருமையாக நடந்துவிட்டு, பிறகு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு மறுபடி இறுகத்தான் செய்யும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பத்து நிமிடம் நடந்தால் அது இறுகுவதற்கு முன்பே அவிழ்ந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட நடையின் கடைசிப் பகுதியில் களைப்பில் தோள் விழும், பார்வை இறங்கும். உடம்பு அதையும் பாடமாகத்தான் எடுத்துக்கொள்ளும். நன்றாக நடக்க முடிகிறவரை நடந்து நிறுத்துவது, கூனிக்கொண்டு எண்ணிக்கையை முடிப்பதை விட மேல். பத்தாயிரம் அடி என்ற இலக்கைப் பிடித்துக்கொண்டு பலர் சிரமப்படுகிறார்கள். அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து வந்தது. எந்த மருத்துவமனையிலும் பிறந்ததில்லை.

டிரெட்மில்லா, தரையா?

தரைதான். டிரெட்மில்லில் ஏறியவுடன் பலர் முன்கம்பியைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்தால் கை வீச்சு போயிற்று, உடம்பு முன்னால் சாய்ந்தாயிற்று. திரையில் ஓடும் எண்களைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் தலை குனிந்தே இருக்கும். திருத்த வந்த பழக்கத்தை அங்கே நின்று வளர்த்துக்கொள்கிறோம்.

வேறு வழியில்லை என்றால், வெயிலோ மழையோ வெளியே விடாது என்றால், கம்பியைப் பிடிக்காமல் நடக்க முடிகிற வேகத்துக்குக் குறைத்துவிடுங்கள். திரையை ஒரு துணியால் மூடுங்கள். டிரெட்மில்லில் ஒரே ஒரு நன்மை உண்டு. நாம் ஒரே இடத்தில் இருப்பதால் பக்கவாட்டில் போனை நிறுத்தி வைத்து யார் உதவியும் இல்லாமல் நடையைப் படம் பிடிக்கலாம். தடுமாற்றம் உள்ளவர்கள், விழுந்து எழுந்தவர்கள் கம்பியைப் பிடிக்கத்தான் வேண்டும்; அவர்களுக்கு நிமிர்வை விட விழாமல் இருப்பது முக்கியம்.

இரண்டு கோல்

கருவிகளில் நான் மனதார ஆதரிப்பது நார்டிக் வாக்கிங் கோல்களைத்தான். பின்லாந்தில் பனிச்சறுக்கு வீரர்கள் பனியில்லாத கோடையில் பயிற்சி விட்டுப்போகாமல் இருக்கக் கோல்களோடு நடந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் அது எல்லோருக்குமான நடையாகப் பரவியது. இது ஊன்றுகோல் இல்லை. ஊன்றுகோலை முன்னால் ஊன்றி எடையை அதில் இறக்குவோம். இந்தக் கோலைச் சாய்வாக, பாதத்துக்குப் பக்கத்திலோ சற்றுப் பின்னாலோ ஊன்றி, தரையைப் பின்னால் தள்ளுவோம். தள்ளும்போது முதுகின் பெரிய தசைகளும் கையின் பின்பக்கமும் வேலை செய்யும். ஒவ்வொரு அடியிலும் கை உடம்பைத் தாண்டிப் பின்னால் போவதால் தோள் திறந்துகொள்ளும். ‘நெஞ்சை நிமிர்த்து’ என்று எவ்வளவு சொன்னாலும் கிடைக்காதது இதில் தள்ளுகிற வேலையின் பக்கவிளைவாகக் கிடைக்கிறது.

கோலின் முனை தரையில் இருக்க, கைப்பிடியைப் பிடித்தால் முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்க வேண்டும். அதுதான் சரியான நீளம். நீளம் கூடினால் தோள் காதுக்கு ஏறும். பலரும் செய்யும் தப்பு, பயத்தில் கோலை முன்னால் ஊன்றுவது. அப்படிச் செய்தால் மறுபடி கூன்தான். முதல் இரண்டு நாள் கோல்களைத் தரையில் இழுத்துக்கொண்டே, கையை இயல்பாக வீசி நடங்கள். மூன்றாம் நாள் முனை தானாகத் தரையைக் கவ்வும் இடம் தெரியும். அங்கிருந்து தள்ளத் தொடங்கலாம்.

குறை என்ன? எல்லா இடத்துக்கும் எடுத்துப் போக முடியாது, கையில் வேறு எதையும் பிடிக்க முடியாது, பார்ப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். தோள் முன்னால் மடங்கிய அறுபது வயதுக்காரருக்கு அந்தச் சங்கடத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்றே சொல்வேன். முப்பது வயதில் ஆரோக்கியமாக இருப்பவருக்குக் காலிக் கையே போதும்.

பெல்ட், ஷூ, பை

தோளைப் பின்னுக்கு இழுக்கும் பெல்ட்டை நான் மூன்று வாரம் போட்டேன். போட்டிருக்கும்வரை நிமிர்ந்தேன், கழற்றியதும் கூனினேன். நினைவூட்டலாகச் சில நிமிடம் போடுவதில் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பிப் பணம் போட வேண்டாம்.

ஷூவில் கவனிக்க வேண்டியது மூன்று: குதிகால் உயரம் இல்லாதது, விரல்கள் விரிய இடம் இருப்பது, விரல்கள் மடங்கும் இடத்தில் ஷூவும் மடங்குவது. பெருவிரல் மடங்காத கட்டை ஷூவில் மேலே சொன்ன தள்ளல் நடக்காது. வருடக்கணக்கில் ஹை ஹீல்ஸ் போட்டவர்களுக்குக் கெண்டைக்கால் தசையிழைகள் குறுகி, குதிகால் தசைநாண் விறைத்திருக்கும். அவர்கள் ஒரே நாளில் தட்டையான செருப்புக்கு மாறாமல் படிப்படியாக இறங்க வேண்டும். மெல்லிய அடிப்பாகம் உள்ள காலணியில் நடப்பது பாதத் தசைகளை வலுப்படுத்தும் என்பதற்கு ஆய்வுகள் உள்ளன. வெறுங்காலும் நல்லதுதான், ஆனால் சில நிமிடங்களில் தொடங்கிக் கூட்டுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது. காயம் பட்டாலும் தெரியாது.

பை விஷயத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு வாரும் தோளில் ஏறி முதுகோடு ஒட்டிய பை. ஒற்றைத் தோள் பை என்றால் வாரைக் குறுக்காகப் போட்டு, பக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமா?

வலி இருந்தால் கட்டாயம் வேண்டும். வலி இல்லாதவர்களுக்கும் ஒரே ஒரு தடவையாவது தேர்ந்த கண் பார்ப்பது நல்லது. பின்னங்கால் போகவில்லை என்பதை எனக்குச் சொன்னது ஒரு பிசியோதெரபிஸ்ட்தான், அந்த வீடியோவை நான் நூறு தடவை பார்த்தும் என் கண்ணில் படவில்லை. உடம்பை வைத்துக்கொள்ளும் விதத்தை ஆசிரியரிடம் தனியாகக் கற்கும் முறைகளில் அலெக்சாண்டர் முறை பழையது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் இங்கிலாந்தில் அதைச் சோதித்து 2008இல் முடிவு வெளியிட்டார்கள். 24 பாடம் படித்தவர்களுக்கு நல்ல பலன். ஆறே பாடத்தோடு மருத்துவர் எழுதிக்கொடுத்த உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு அதில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான பலன். நேரமும் பணமும் அளவாக இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது கணக்குதான் உதவும்: கொஞ்சம் பாடம், நிறையப் பழக்கம்.

எதை எடுப்பது?

நாற்காலி வேலை, வலி இல்லை, கூன் மட்டும் என்றால்: பார்வை, பின்னங்கால், கை, இந்த வரிசையில் வாரம் ஒன்றாக, நாளைக்கு மூன்று நான்கு தடவை பத்துப் பத்து நிமிடம். பணம் செலவழிக்காதீர்கள். தோள் நன்றாக மடங்கியிருந்தால், அல்லது வயது ஏறியிருந்தால், இதோடு கோல்களைச் சேருங்கள். வலியோ மரத்துப்போவதோ இருந்தால் முதல் அடி பிசியோதெரபிஸ்டின் அறைக்குள்தான். டிரெட்மில் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள், இதற்காக வாங்க வேண்டாம்.

பத்து வாரம் கழித்து அதே இடத்தில் என் மகள் மறுபடி வீடியோ எடுத்தாள். காது தோளுக்கு நேராக வந்துவிடவில்லை. நாலு விரற்கடை இரண்டாகியிருந்தது. பின்னங்குதிகால் எழும்புவது தெரிகிறது. இடது கை நன்றாகப் பின்னால் போகிறது. வலது கைதான் இன்னும் பாதி வழியில் நின்றுவிடுகிறது, பை இல்லாதபோதும் வாரைப் பிடித்திருப்பது போலவே. இந்த வாரம் வீட்டுச் சாவியை இடது கைக்கு மாற்றியிருக்கிறேன்.